தலைமுழுகியவளுக்கு ஒரு டீ

அத்தியாயம் 11

போன வாரம் கல்யாணம், காய்ச்சல் என்று எங்காவது மாட்டிக்கொண்டு இந்தப் பக்கத்தைப் பார்க்காமல் விட்டவர்களுக்காக ஒரே வரியில் சொல்லிவிடுகிறேன். சோபாக்காரர் தன் சின்ன மகளைத் தலைமுழுகிவிட்டார்.

ஆரம்பத்திலிருந்து படித்து வருகிறவர்கள் இதற்கு உச்சுக் கொட்ட மாட்டார்கள். "மறுபடியுமா?" என்றுதான் கேட்பார்கள். கேட்க வேண்டியதுதான். பெரியவள் கல்யாணமே வேண்டாம் என்றபோது இந்த மனிதர் அவளைத் தலைமுழுகினார். சரி, அப்பாவின் சோபா கடையிலாவது உட்கார்கிறேன் என்று அவள் கத்தரிக்கோலைக் கையில் எடுத்தபோது, ரெக்சினைக் கோணலாக வெட்டினாள் என்று மறுபடி தலைமுழுகினார். சின்னவள் ஒரு லிஃப்ட் மெக்கானிக்கைக் காதலிக்கிறேன் என்றதற்கு ஒரு முழுக்கு. அந்தப் பையனை நேரில் பார்த்து, பேசி, ரொம்பவும் பிடித்துப்போன பிறகு, "இத ஏன் முன்னாடியே சொல்லல?" என்று இன்னொரு முழுக்கு.

வார்த்தையை அவர் கண்டபடி வாரி இறைக்கிறவரும் இல்லை. அதற்கென்று ஒரு முறை வைத்திருக்கிறார். ஃபோம் கடைக்காரன் மட்ட சரக்கை அனுப்பினால், "அவனக் கைகழுவிட்டேன்" என்பார். ஓட்டுப் போட்ட கட்சி ஏமாற்றினாலும் அதே கைகழுவல்தான். தலைமுழுகுவது என்பது பெற்றதுகளுக்கு மட்டும். மனைவியிடம் இதுவரை இரண்டையும் சொல்லிப் பார்த்ததில்லை. அதற்கெல்லாம் ஒரு துணிச்சல் வேண்டும்.

தலைமுழுகப்பட்டவர் திரும்பி வருவதற்கும் அந்த வீட்டில் ஒரு வழி உண்டு. மன்னிப்பு, அழுகை ஒன்றும் கிடையாது. சாயங்காலம் நாலு மணிக்கு அப்பாவின் டீயை எடுத்துக்கொண்டு கடைக்குப் போய், தையல் மெஷினின் மூலையில் வைக்க வேண்டும். அவர் நிமிர்ந்து பார்க்க மாட்டார். வேலையைப் பார்த்துக்கொண்டே எடுத்துக் குடிப்பார். டம்ளர் காலியானால் மறுபடி மகள். அவ்வளவுதான்.

இந்தத் தடவை காரணம் ஒரு சோபா.

புதுக் குடித்தனத்துக்கு அப்பாவே தன் கையால் செய்தது. மூன்று பேர் தாராளமாக உட்காரலாம், நாலாவது ஆள் வந்தால் முறைக்காமல் நகர்ந்து இடம் கொடுக்கலாம். மகள் வீட்டு ஹாலை, அவளுக்குத் தெரியாமல், விருந்துக்குப் போன அன்றைக்கே டேப் வைத்து அளந்துவிட்டார். வாசல் கதவை அளந்தார். ஜன்னல் வரைக்கும் அளந்தார். அளக்காமல் விட்டது ஒன்றே ஒன்று. அந்தக் கட்டிடத்தின் லிஃப்ட்.

லிஃப்ட் மெக்கானிக் மாப்பிள்ளைக்குச் சீதனம் செய்கிறவர் லிஃப்டை அளக்கவில்லை! இதை நான் எங்கே போய்ச் சொல்லி முட்டிக்கொள்வது?

படிக்கட்டின் திருப்பத்திலும் சோபா நுழையவில்லை. மாப்பிள்ளை தன்னால் ஆனதையெல்லாம் செய்து பார்த்துவிட்டு, வந்த வண்டியிலேயே பத்திரமாகத் திருப்பி அனுப்பிவைத்தார். அது கடை வாசலில் வந்து இறங்கியதும் சோபாக்காரர் ஃபோனை எடுத்தார். "நான் குடுத்தத வாசல்லயே வச்சு திருப்பி அனுப்பினவ எனக்கு மகளே இல்ல! உன்னத் தலைமுழுகிட்டேன்!" என்று கத்திவிட்டு வைத்தார்.

சின்னவளின் ஃபோன் ஸ்பீக்கரில் இருந்தது. மாப்பிள்ளை பக்கத்திலேயே இருந்தார்.

ஒரு வாரம் ஆகப்போகிறது. சின்னவள் டீயோடு வரவில்லை.

* * *

இன்று காலை கடையில் நடந்ததைக் கேளுங்கள்.

பல் டாக்டரம்மா வந்திருந்தார். அவருடைய கிளினிக்கில் நோயாளிகள் காத்திருக்கும் நாற்காலிகளுக்கு உறை மாற்ற வேண்டும். பெரியவள் துணி மாதிரிகளை எடுத்துக் காட்டிக்கொண்டிருந்தாள். டாக்டரம்மாவின் கண் அவற்றின் மேல் இல்லை. கடை நடுவில், போகிறவர் வருகிறவர் முழங்காலெல்லாம் இடித்துக்கொள்ளும்படி, அந்தச் சோபா கிடந்தது.

"இது என்ன விலைங்க?"

"விக்கிறதுக்கில்ல," என்றார் சோபாக்காரர், தையல் மெஷினிலிருந்து தலையைத் தூக்காமல்.

"ஆர்டரா?"

"இல்ல."

"அப்ப யாரோடது?"

"யாரோடதும் இல்ல."

டாக்டரம்மா பெரியவளைப் பார்த்தார். பெரியவள் துணியைப் பார்த்தாள்.

"யாரோடதும் இல்லன்னா நான் எடுத்துக்கறேனே. சொல்ற விலையக் குடுக்கறேன். எங்க கிளினிக் தரைத்தளம்தான்."

'தரைத்தளம்' என்ற சொல் எங்கே போய்க் குத்தியதோ, சோபாக்காரர் மெஷினை நிறுத்தினார். எழுந்து வந்தார். சோபாவின் நடுவில் உட்கார்ந்து இரண்டு கைகளையும் முதுகு சாயும் விளிம்பில் விரித்து வைத்துக்கொண்டார்.

"விக்கிறதுக்கில்லன்னு சொன்னேங்க."

டாக்டரம்மா வெளிர்நீலத் துணியைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்துவிட்டுப் பேசாமல் போய்ச் சேர்ந்தார்.

"அவள வேணாம்னு தலைமுழுகியாச்சு. அப்புறம் அவ சோபாவ மட்டும் எதுக்குப்பா கட்டிப்பிடிச்சுட்டு உக்காந்திருக்கீங்க?" என்றாள் பெரியவள்.

"நீ உன் வேலையப் பாரு."

"ஒரு ஃபோன் போடுங்க. 'வா'ன்னு ஒரு வார்த்தை சொன்னா போதும், வந்துடுவா."

"நாலு மணிக்கு டீய எடுத்துட்டு வரட்டும். நான் என்ன குடிக்க மாட்டேன்னா சொல்றேன்?"

பெரியவளுக்குத் தலையை எங்காவது மோதிக்கொள்ளலாம் போலிருந்தது. மோதிக்கொள்ளவும் அந்தக் கடையில் சோபாவைத் தவிர வேறு இடம் இல்லை.

அந்த நேரத்தில்தான் அவளுடைய ஃபோன் அடித்தது. சின்னவள்.

"அக்கா, அப்பா பக்கத்துல இருக்காரா? தள்ளிப் போய்ப் பேசு."

பெரியவள் நடைபாதைக்கு இறங்கினாள்.

"அவருக்கு வேற ஊர்ல போஸ்டிங் வந்திருக்குக்கா. நல்ல போஸ்ட்தான். முன்னாடியே கேட்டாங்க, நம்ம அம்மா அப்பா இங்க இருக்காங்களேன்னு வேண்டாம்னு சொல்லிட்டிருந்தார். இப்போ… சரின்னு சொல்லலாங்கறார். இன்னிக்கு அஞ்சு மணிக்குள்ள ஆபீஸ்ல பதில் சொல்லணுமாம்."

"நீ என்ன சொன்ன?"

"நான் என்ன சொல்றது?"

"வேண்டாம்னு சொல்லு! இங்க வந்து ஒரு டீய வச்சுட்டுப் போ! கிறுக்குப் பிடிச்சிருக்கா உனக்கு? அப்பாவப் பத்தித் தெரியாதா?"



"தெரியும்," என்றாள் சின்னவள். ஃபோனை வைத்துவிட்டாள்.

* * *

மாப்பிள்ளை அன்று வேலை செய்துகொண்டிருந்தது ஒரு வங்கிக் கட்டிடத்தில். மத்தியானம் சாப்பிட்டதும் பெரியவள் அங்கேயே தேடிப் போனாள். கீழ்த்தள லிஃப்ட் கதவின் முன்னால் மஞ்சள் தடுப்பு. அதற்கு அந்தப் பக்கம் கதவு திறந்திருந்தது. உள்ளே பெட்டி இல்லை, இருட்டுதான் இருந்தது. பெரியவள் எட்டிப் பார்க்கப் பயந்துகொண்டு தடுப்புக்கு இந்தப் பக்கமே நின்று குரல் கொடுத்தாள்.

கொஞ்ச நேரத்தில் மாப்பிள்ளை படிக்கட்டு வழியாக இறங்கி வந்தார். கையெல்லாம் கிரீஸ். அவளைப் பார்த்ததும் பழைய துணியால் அவசரமாகத் துடைத்துக்கொண்டார்.

"வாங்கக்கா. உக்காருங்க," என்று காவலாளியின் நாற்காலியை இழுத்துப் போட்டார். மரியாதைக்கு ஒரு குறையும் இல்லை. அதுதான் பெரியவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. சண்டைக்கு வந்திருந்தால் இரண்டு வார்த்தை சுலபமாகக் கேட்டிருக்கலாம்.

"தம்பி, நான் சுத்தி வளைக்கப் போறதில்ல. எங்க அப்பா சொன்னத வச்சு நீங்க ஊர விட்டுப் போறதா?"

"அவர் தலைமுழுகிட்டேன்னு சொன்னாருக்கா."

"அவர் அப்படித்தான் சொல்வார்! அது எங்க வீட்ல… எப்படிச் சொல்றது… மத்த வீட்ல 'போடி'ன்னு சொல்வாங்கல்ல, அந்த மாதிரி. என்னைய எத்தன தடவ சொல்லியிருக்கார்னு கேளுங்க. நான் இன்னும் அந்தக் கடையிலதான இருக்கேன்?"

மாப்பிள்ளை படியில் உட்கார்ந்தார்.

"எங்க வீட்ல அந்த வார்த்தைய ஒரே ஒரு தடவதான் சொன்னாங்க," என்றார். "எங்க அண்ணன. அப்பா சொன்னார். காரணத்தக் கேட்டா இப்ப சிரிப்பு வரும். நல்ல வேலைய விட்டுட்டு போட்டோ எடுக்கப் போறேன்னார் அண்ணன். அவ்வளவுதான். மறுநாள் சாப்பாட்டு மேஜையில ஒரு நாற்காலி இல்ல. செவுத்துல ஒரு படம் இல்ல. அண்ணன்னு ஒரு பேச்சையே யாரும் எடுக்கல. அப்போ நான் படிச்சிட்டிருந்தேன்."

மாப்பிள்ளை கிரீஸ் துணியை மடித்துப் படியில் வைத்தார்.

"போன வருஷம் ஒரு ஆபீஸ் கட்டிடம் எங்க சர்வீஸுக்கு வந்துச்சு. லிஃப்ட ஓட்டிப் பாத்துட்டு உள்ளயே நிக்கிறேன், கதவு திறக்குது. அண்ணன். எட்டாவது மாடியில அவர் ஸ்டூடியோ. நான் மாசாமாசம் அங்க போறேன்க்கா. சில மாசம் அவர் ஏறுவார். எந்த மாடின்னு சொல்ல மாட்டார். நானே எட்ட அழுத்துவேன். ரெண்டு பேரும் மேல மாறுற நம்பரையே பாத்துட்டு நிப்போம். கதவு திறக்கும். இறங்கிப் போயிடுவார்."

"பேசினா என்ன?"

"அப்பா சொல்லிட்டாரேக்கா."

இவரை என்ன செய்வது? பெரியவளுக்குக் கோபம் வந்தது, அழுகையும் வந்தது, எதை முதலில் வெளியே விடுவதென்று தெரியவில்லை. ஒரு வீட்டில் ஒருவர் ஓயாமல் சொல்கிறார், ஒன்றும் ஆவதில்லை. இன்னொரு வீட்டில் ஒரே ஒருமுறை சொன்னார், ஒரு ஆளே இல்லாமல் போய்விட்டார். இரண்டுக்கும் நடுவில் அவளுடைய தங்கை.

"சரி தம்பி. உங்க வீட்டுக் கதை வேற. ஆனா சின்னவளுக்குத் தெரியும். அப்பா மனசுல ஒண்ணும் கிடையாதுன்னு அவளுக்கு நல்லாவே தெரியும்."

"தெரியும்னுதான் அவளும் சொன்னா. 'எங்க அப்பா அப்படித்தான், எங்க அப்பா அப்படித்தான்'னு சொல்லிட்டே அழுதாக்கா. விடிய விடிய அழுதா." மாப்பிள்ளை நிமிர்ந்து பார்த்தார். "அப்படித்தான்னா எதுக்குக்கா அழணும்?"

பெரியவளிடம் எல்லாவற்றுக்கும் ஒரு பதில் இருக்கும். பத்து வாரமாகப் பார்த்து வருகிறீர்கள். இந்தக் கேள்விக்கு அவள் எழுந்து நாற்காலியைக் காவலாளியின் இடத்திலேயே திரும்பப் போட்டாள்.

"அங்க போகாதன்னு நான்தான் சொன்னேன்," என்றார் அவர். "ஆனா போகணும்னு அவளும் கேக்கல."

* * *

அவள் கடைக்குத் திரும்பியபோது நாலு மணி. பின்கட்டிலிருந்து அம்மா டீ டம்ளரோடு வந்துகொண்டிருந்தார்.

பெரியவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தாள். வேற்றூர் வேலை, ஐந்து மணிக் கெடு, அண்ணன், எட்டாவது மாடி. சோபாக்காரர் ஒரு மெத்தை உறைக்கு ஜிப் வைத்துக்கொண்டிருந்தார். கேட்டு முடிக்கும்வரை தைத்துக்கொண்டேதான் இருந்தார். ஆனால் ஜிப் இருந்த இடத்தைத் தாண்டி வெறுந்துணியில் தையல் ஓடிக்கொண்டிருந்ததை அம்மா கவனித்தார்.

"கிளம்புங்கப்பா. நேரா அவ வீட்டுக்குப் போவோம்."

"யாரு, நானா?"

"பின்ன யாரு?"

"தலைமுழுகினது நான். நானே போய் அவ வாசல்ல நிக்கணுமா? எந்த ஊர் நியாயம் இது?"

"இவர் தலைமுழுகின தண்ணிக்கெல்லாம் வரி போட்டிருந்தாங்கன்னா, இந்தக் கடைய வித்துத்தான் கட்டியிருக்கணும்," என்றார் அம்மா, டம்ளரைக் கட்டிங் மேஜையில் வைத்தபடி.

"நீ சும்மா இரு. அவ வரட்டும். வந்து டீய வைக்கட்டும்."

"அவ வர மாட்டாப்பா! இன்னும் ஒரு மணி நேரத்துல அந்த மனுஷன் சரின்னு சொல்லிடுவார். அப்புறம் நீங்க இந்தச் சோபாவுலயே படுத்துத் தூங்குங்க!"

"என்னடி, குரல் ஏறுது? அவளுக்கு வக்காலத்தா? அப்ப நீயும் போ! உன்னையும் தலைமுழுகிட்டேன்!"

வந்துவிட்டது. கடையிலிருந்த மூன்று பேருக்கும் அது புதிதில்லை. அம்மா சாக்குக்கட்டியை எடுத்து டப்பாவில் போட்டார். பெரியவளின் கை, எத்தனையோ வருடப் பழக்கத்தில், தானாகவே போய் டீ டம்ளரை எடுத்தது. இரண்டடி நடந்தால் தையல் மெஷின். வைத்தால் முடிந்தது. சோபாக்காரரின் கையும் டம்ளருக்காக ஏற்கெனவே பாதி நீண்டுவிட்டது.

பெரியவள் நின்றாள். திரும்பிப் போய் டம்ளரைக் கட்டிங் மேஜையிலேயே வைத்தாள்.

"இன்னிக்கு நான் கொண்டு வர மாட்டேன்."

சோபாக்காரர் நீட்டிய கையை மடக்கத் தெரியாமல் அப்படியே வைத்திருந்தார்.

"உங்களுக்கு இது என்ன விளையாட்டாப்பா? நீங்க சொல்றீங்க, நாங்க டீ கொண்டு வர்றோம், நீங்க குடிக்கிறீங்க. உங்களுக்குச் சரியாப் போச்சு. முத தடவ சொன்னப்ப எனக்கு என்ன வயசுன்னு ஞாபகம் இருக்கா? ஸ்கூல் யூனிஃபார்ம்ல இருந்தேன். டம்ளரு ஆடி ஆடி, பாதி டீ என் கையிலதான் கொட்டிச்சு. 'இன்னிக்குக் குடிக்கலன்னா நான் எங்க போறது'ன்னு யோசிச்சுட்டே வந்தேன். அதுக்கப்புறம் ஒவ்வொரு தடவையும் அதே நெனப்போடதான் வந்தேன். இந்தத் தடவ குடிப்பாரா, மாட்டாரா? இப்பவும் அப்படித்தான்."

"குடிக்காம இருந்திருக்கேனா?" சோபாக்காரரின் குரலில் அடி வாங்கிய ஆச்சரியம் இருந்தது. "ஒரு தடவையாவது நான் குடிக்காம இருந்திருக்கேனா?"

"இல்ல. ஆனா குடிக்கப் போறீங்கன்னு உங்களுக்குத்தான முன்னாடியே தெரியும்? எனக்கு எப்படித் தெரியும்?"

மெஷினின் மோட்டார் மட்டும் உறுமிக்கொண்டிருந்தது. அம்மா போய் அதை அணைத்தார்.

சோபாக்காரர் தன் பெரிய மகளைப் பார்த்தார். அவளுக்குக் காதோரம் இரண்டு நரைமுடி வந்திருந்தது. தினமும் எதிரில் உட்கார்ந்து வேலை செய்கிறவள், அதை இன்றுதான் பார்த்தார். இவளும் பயந்துகொண்டுதான் வந்தாளா? இத்தனை வருடமாகவா?  இப்படி ஏதாவது வலித்தால் கத்துவதுதான் அவருக்குத் தெரிந்த ஒரே வைத்தியம். கத்தவும் வரவில்லை.

அவர் எழுந்தார்.

"ஃபிளாஸ்க் எங்க?"

"எதுக்கு?" என்றார் அம்மா.

"எங்கன்னு கேட்டா, எங்கன்னு சொல்லு."

"அலமாரியில, மேல் தட்டுல."

பின்கட்டில் பாத்திரங்கள் உருளும் சத்தம் கேட்டது. "சக்கரை எதுல இருக்கு?" என்று ஒரு குரல். "டீத்தூள் எவ்வளவு?" என்று இன்னொன்று. அம்மா சோபாவில் நிதானமாகச் சாய்ந்து உட்கார்ந்தார். எழுந்து போகிற உத்தேசமே அவருக்கு இல்லை.

"தேடட்டும்," என்றார் பெரியவளிடம்.

* * *

சின்னவளின் கட்டிடத்துக்கு வந்தபோது ஐந்தாக இன்னும் கொஞ்ச நேரமே இருந்தது. சோபாக்காரர் ஒரு கையில் ஃபிளாஸ்க்கை ஏந்திக்கொண்டு லிஃப்டில் ஏறினார். பெரியவள் பட்டனை அழுத்தினாள். கதவு மூடியதுதான் தாமதம், அவர் இன்னொரு கையால் சட்டைப் பையிலிருந்து டேப்பை உருவினார்.

"இந்த முனையப் பிடி."

"அப்பா! இப்பவா?"

"பிடின்னா பிடி."

அகலம் அளந்தார். ஆழம் அளந்தார். குறுக்காகவும் ஒருமுறை அளந்தார்.

"ரெண்டா வெட்டி உள்பக்கம் போல்ட் போட்டா, தாராளமா ஏறிடும்," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். "மடையன். அன்னிக்கே பாத்திருக்கணும்."

தன்னைத்தானே அவர் திட்டிக்கொண்டு பெரியவள் கேட்டதே இல்லை. டேப்பின் முனையை விட மறந்து நின்றாள்.

வீட்டுக் கதவைத் திறந்தது மாப்பிள்ளை. அப்போதுதான் வேலையிலிருந்து வந்திருந்தார். கருவிப் பை இன்னும் வாசலிலேயே கிடந்தது. "வாங்க மாமா," என்றார். குரலில் மரியாதை இருந்தது, எச்சரிக்கையும் இருந்தது. கதவை முழுக்கத் திறக்கவில்லை.

அவருடைய தோளுக்குப் பின்னால் சின்னவள் வந்து நின்றாள். அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். அப்புறம் கையிலிருந்த ஃபிளாஸ்க்கைப் பார்த்தாள்.

மாப்பிள்ளைக்கு அது வெறும் ஃபிளாஸ்க். அவளுக்கு அப்படி இல்லை. அப்பாவிடம் டீ போகும், அப்பாவிடமிருந்து டீ வந்து அவள் பார்த்ததே கிடையாது.

சோபாக்காரர் உள்ளே வந்தார். சோபா இல்லாத ஹாலில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் இருந்தது. அதன் மூலையில் ஃபிளாஸ்க்கை வைத்தார். வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். பார்க்கப் பயந்துதான் அவர் திரும்பினார் என்று பெரியவளுக்குப் புரிந்தது. குடிப்பாளா, மாட்டாளா?

சின்னவள் மூடியைத் திறந்தாள். மூடியிலேயே ஊற்றினாள். ஒரு வாய் குடித்தாள்.

"யாரு போட்டா இத?"

"ஏன்?" என்றார் சோபாக்காரர், ஜன்னலைப் பார்த்தபடி.

"சகிக்கலப்பா."

சொல்லிக்கொண்டே அவள் அழுதாள். அழுதுகொண்டே மிச்சத்தையும் குடித்தாள். மூடி காலியானதும் இன்னொரு தடவை ஊற்றிக்கொண்டாள். சோபாக்காரர் திரும்பினார். மூக்கைச் சட்டைக் கையில் துடைத்துக்கொண்டு, அங்கே யாரும் ஒன்றும் பேச ஆரம்பித்துவிடக் கூடாதே என்ற அவசரத்தில் மாப்பிள்ளையைப் பிடித்துக்கொண்டார்.

"இதோ பாருங்க மாப்ள, சோபாவ ரெண்டா வெட்டித் தர்றேன். அதுக்கப்புறமும் ஊர விட்டுப் போறேன் அது இதுன்னு பேசினீங்க, உங்களையும் தல…"

 பெரியவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"…தலைவலி வந்துடும் எனக்கு," என்று முடித்தார் சோபாக்காரர். வியர்த்துவிட்டது அவருக்கு.

சின்னவள் டீயைத் துப்பிவிடாமல் இருக்க வாயைப் பொத்திக்கொண்டாள். மாப்பிள்ளை மனைவியைப் பார்த்தார், அவள் கையிலிருந்த மூடியைப் பார்த்தார், மாமனாரைப் பார்த்தார். இது என்ன மாதிரியான வீடு என்று அவர் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தபோது அவருடைய ஃபோன் அடித்தது.

ஆபீஸ்.

எல்லாரும் அந்த ஃபோனையே பார்த்தார்கள்.

"சொல்லுங்க சார்… இல்ல சார், இன்னும் முடிவு பண்ணல. நாளைக்குச் சாயங்காலம் சொல்லட்டுமா?… தெரியும் சார், இன்னிக்குன்னுதான் சொல்லியிருந்தீங்க. நாளைக்கு அந்த ஸ்டூடியோ கட்டிடத்துல சர்வீஸ் இருக்கு. அத முடிச்சுட்டுச் சொல்றேன் சார்."

அவர் ஃபோனை வைத்தார். ஸ்டூலின் பக்கம் குனிந்து ஃபிளாஸ்க்கைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நாலு மணி டீயைப் பற்றி மனைவி எப்போதோ சொன்னது அவருக்கு இப்போதுதான் உறைத்தது.

"மாமா, ஒண்ணு கேக்கலாமா? சொல்லி ரொம்ப வருஷம் ஆயிட்டாலும் இது செல்லுமா?"

"எது?"

"இந்த டீ."

சோபாக்காரருக்கு அந்த எட்டாவது மாடி ஞாபகம் வந்தது. கத்தாமல்தான் கேட்டார்.

"அண்ணனத் தலைமுழுகினது யாரு?"

"எங்க அப்பா."

"நீங்க சொன்னீங்களா?"

"இல்ல மாமா."

"அப்புறம் நீங்க எதுக்கு மாப்ள வாய மூடிட்டு நிக்கிறீங்க?"

மாப்பிள்ளை ஃபிளாஸ்க்கோடு சமையலறைக்குப் போனார். குழாய் ஓடும் சத்தம் கேட்டது. ஃபிளாஸ்க்கை நன்றாகக் கழுவி, துடைத்து எடுத்து வந்தார். வாசலில் கிடந்த கருவிப் பையைத் திறந்து அதற்குள் வைத்தார்.

"காலையில கொஞ்சம் டீ போட்டுத் தா," என்றார் மனைவியிடம். "நீயே போடு. மாமா போட வேண்டாம்."

பையின் ஜிப் மூடவில்லை. பெரிய ஸ்பேனரை வெளியே எடுத்து வைத்துவிட்டு மூடினார்.